ஊர் என்று ஒன்று இல்லாத ஓவியர்: ஜான் சிங்கர் சார்ஜென்ட்

கேட்கப்பட்ட கேள்வி இது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொந்த நாட்டை விட்டு வந்து, பாரிஸிலும் லண்டனிலும் பெரிய இடத்து மனிதர்களை வரைந்து பிழைத்த ஓவியர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அவர்கள் கலைஞர்களா, காசு வாங்கிக்கொண்டு முகத்துதி செய்தவர்களா?

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது, அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். ஜான் சிங்கர் சார்ஜென்ட். அந்தக் காலத்தில் இந்தத் தொழிலின் உச்சிக்குப் போனவர் அவர்தான். அவரை முகத்துதி செய்தவர் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், "சொந்த நாட்டை விட்டு வந்தவர்" என்பதே அவருக்குப் பொருந்தாது. விட்டு வர வேண்டுமென்றால் முதலில் அங்கே இருந்திருக்க வேண்டுமே. அவர் பிறந்தது 1856 ஜனவரி 12, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில். அப்பா ஃபிட்ஸ்வில்லியம் சார்ஜென்ட், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கண் அறுவை மருத்துவர். அவர்களுடைய முதல் பெண் குழந்தை இரண்டு வயதில் இறந்துபோனது. அம்மா மேரியால் அதைத் தாங்க முடியவில்லை, உடம்பும் மனமும் தளர்ந்துவிட்டன. கொஞ்ச நாள் இடம் மாறினால் தேறிவிடுவாள் என்றுதான் 1854-இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கோடைக்கு ஓர் ஊர், குளிருக்கு ஓர் ஊர் என்று சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்கு வந்த பரம்பரைச் சொத்தின் வருமானத்தில், ஆடம்பரம் இல்லாத ஒரு நாடோடி வாழ்க்கை. அப்பாவுக்கு ஊர் திரும்ப ஆசை, ஆனால் அம்மாவின் பிடிவாதம்தான் நின்றது.

பையனுக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்பு இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் நான்கும் சரளமாக வந்தன, பியானோ நன்றாக வாசித்தார், அப்புறம் அம்மா கையில் கொடுத்த வரைபுத்தகம். அம்மாவே நீர்வண்ணத்தில் வரைபவர். தங்கை எமிலிக்குச் சின்ன வயதிலேயே முதுகெலும்பில் கோளாறு. அண்ணனும் தங்கையும் கடைசி வரை ஒருவருக்கொருவர் துணை, இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்க மண்ணை சார்ஜென்ட் முதன்முதலில் மிதித்தது 1876-இல், இருபது வயதில். நான்கே மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஆனாலும் சாகும் வரை அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை. 1907-இல் பிரிட்டன் அவருக்கு 'சர்' பட்டம் கொடுக்க முன்வந்தபோது, நான் அமெரிக்கக் குடிமகன், வாங்க முடியாது என்று மறுத்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவருடைய கண்ணே இப்படித்தான் உருவானது. எந்த ஊரிலும் அவர் உள்ளூர்க்காரர் இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் யார் எங்கே உட்காருகிறார்கள், கையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று கவனிப்பது விருந்தாளியாகவே வளர்ந்த பிள்ளைக்குத் தானாக வரும்.

1874-இல் பாரிஸில் கரோலுஸ்-துரான் என்பவரின் ஓவியப் பட்டறையில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாடம் என்னவென்றால், முதலில் பென்சிலில் நுணுக்கமாக வரைந்து, பிறகு மெல்ல மெல்ல வண்ணம் ஏற்றுவது. கரோலுஸ்-துரான் அதை ஒதுக்கிவிட்டு, நேராகத் தூரிகையை எடு, சரியான நிறத்தைச் சரியான இடத்தில் ஒரே தடவையில் வை என்றார். வெலாஸ்கெஸைப் பார், மறுபடியும் வெலாஸ்கெஸைப் பார் என்பதுதான் அவர் மந்திரம். வெலாஸ்கெஸ் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின் ஓவியர். சார்ஜென்ட் 1879-இல் மாட்ரிட் போய், பிராடோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து வெலாஸ்கெஸின் படங்களைப் பிரதி எடுத்தார். அடுத்த வருடம் ஹாலந்து போய், அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் படங்களைப் பார்த்தார். பின்னாளில் அவர் படங்களைப் பார்த்து, கை வித்தை என்று சிலர் லேசாகச் சொன்னார்கள். அந்த வித்தைக்குப் பின்னால் இந்தப் படிப்பு இருந்தது.

1882-இல் அவர் வரைந்த பாய்ட் குடும்பத்துப் பெண் குழந்தைகளின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா எட்வர்ட் டார்லி பாய்ட், சார்ஜென்ட் மாதிரியே பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கர். நான்கு பெண்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? நான்கு பேரையும் சேர்த்து நிற்க வைத்து, அழகாகச் சிரிக்கச் சொல்வார்கள். சார்ஜென்ட் ஏறக்குறைய ஏழேகால் அடிச் சதுரக் கேன்வாஸ் ஒன்றை எடுத்து, அவர்களை அதில் சிதற விட்டார். நான்கு வயதுச் சின்னவள் முன்னால் கம்பளத்தில் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயதுக்காரி இடது ஓரத்தில் தனியாக நிற்கிறாள். மூத்தவர்கள் இரண்டு பேர் உள்ளறையின் இருட்டுக்குப் பக்கத்தில். அதில் ஒருத்தி ஆளுயரத்தைத் தாண்டிய ஜப்பானியப் பூஜாடி ஒன்றில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், பெற்ற தகப்பன் வரையச் சொன்ன படத்தில் மகளின் முகமே சரியாகத் தெரியவில்லை! வயது ஏற ஏற அந்தக் குழந்தைகள் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போவது மாதிரி இருக்கும். எந்தப் பணக்காரரைக் குளிர வைக்க இப்படி வரைவார்கள்? ஆனால் பாய்ட் குடும்பம் அதை மதித்து வைத்திருந்தது, 1919-இல் அந்தப் பெண்களே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த நிஜ ஜாடிகளும் இப்போது படத்தின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. அருங்காட்சியகத்துக்கு வந்தபோது ஜாடிகளுக்குள்ளிருந்து டென்னிஸ் பந்து, இறகுப்பந்து, காகித விமானம், ஒரு பழைய டோனட் எல்லாம் கிடைத்தன. படத்தில் அவ்வளவு மௌனமாக இருக்கும் வீட்டில் பிள்ளைகள் விளையாடியும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் 'மேடம் எக்ஸ்' என்ற படத்தின் விவகாரம்.

அந்தப் பெண் விர்ஜினி அமேலி கோத்ரோ. அவரும் பாரிஸுக்கு வெளியிலிருந்து வந்தவர்தான், பிறந்தது நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தகப்பன் இறந்த பிறகு அம்மாவோடு பாரிஸ் வந்து, ஒரு வங்கியாளரைக் கட்டிக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும் அழகி என்று பெயர் வாங்கியவர். மேனி முழுக்க வெளிர் ஊதா சாயல் தெரியும் பவுடர் பூசுவார். அவரோ வேறு யாருமோ சார்ஜென்டிடம் வரையச் சொல்லவில்லை. சார்ஜென்ட்தான் அலையாய் அலைந்து, தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பிச் சம்மதிக்க வைத்தார். 1883 கோடையில் பிரிட்டனியில் உள்ள அவர்கள் பண்ணை வீட்டுக்குப் போய்த் தங்கினார். அந்த அம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்கப் பொறுமையே கிடையாது. வரைய முடியாத அழகு, திருத்த முடியாத சோம்பல் என்கிற பொருளில் சார்ஜென்ட் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

பாரிஸில் வருடா வருடம் நடக்கும் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில், 1884-இல் படம் தொங்கியது. பெயரை மறைத்து நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள், ஆனால் பாரிஸில் அடையாளம் தெரியாதவர் யார்? கறுப்பு உடை, வெளுத்த தோள்கள், பக்கவாட்டில் திருப்பிய முகம், மேசையில் ஊன்றிய கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. காதை மட்டும் பாருங்கள், அது சிவந்திருக்கும், பவுடர் ஏறாத நிஜமான தோல் அது ஒன்றுதான். உடையை மேலே தாங்குவது நகை வைத்த இரண்டு மெல்லிய பட்டிகள். அதில் ஒன்று அன்றைய படத்தில் வலது தோளிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. அவ்வளவுதான். சிரித்தார்கள், திட்டினார்கள், பிணத்தின் நிறம் என்றார்கள். கதவுகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து நடந்த சார்ஜென்டைப் பார்த்ததாக அவருடைய உறவினர் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றைக்கே அந்தப் பெண்ணின் தாய் அழுதுகொண்டே ஸ்டுடியோவுக்கு வந்து, என் மகள் வாழ்க்கை போயிற்று, படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். சார்ஜென்ட் மறுத்துவிட்டார். அவர் எப்படி உடுத்தி நின்றாரோ அப்படித்தான் வரைந்திருக்கிறேன் என்பது அவர் பதில்.

கண்காட்சி முடிந்ததும் அந்தப் பட்டியைத் தோளில் நேராக நிற்பதாக மாற்றி வரைந்தார். இன்று நாம் பார்ப்பது அந்தத் திருத்திய படத்தைத்தான். ஆனால் விற்கவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் தன் ஸ்டுடியோவிலேயே வைத்திருந்தார். கோத்ரோ 1915-இல் இறந்தார். அடுத்த வருடம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 1000 பவுண்டுக்குக் கொடுத்தபோது, நான் செய்ததிலேயே சிறந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதி, அந்தப் பெண்ணின் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடைசி வேண்டுகோளில்தான் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது.

அதன் பிறகு பாரிஸில் வேலை வற்றியது. ஓவியத்தையே விட்டுவிட்டு இசைக்கோ வியாபாரத்துக்கோ போய்விடலாமா என்று நண்பர்களிடம் பேசும் அளவுக்கு மனம் உடைந்திருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், அவரும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட அமெரிக்கர், லண்டனுக்கு வா என்று வற்புறுத்தினார். 1886-இல் லண்டனின் டைட் தெருவில், ஓவியர் விஸ்லர் முன்பு இருந்த ஸ்டுடியோவுக்குக் குடிபோனார். கடைசி வரை அந்தத் தெருதான். ஆங்கிலேயர்கள் உடனே கைநீட்டி வரவேற்கவில்லை. அவர் வரைந்த விக்கர்ஸ் சகோதரிகளின் படத்தை, அந்த வருட ராயல் அகாடமி கண்காட்சியிலேயே மோசமான படம் என்று ஒரு லண்டன் பத்திரிகையின் வாசகர்கள் வாக்களித்தார்கள்.

அவரைத் திருப்பி நிமிர்த்தியது உருவப்படம் அல்ல, ஒரு தோட்டம். வூஸ்டர்ஷயரில் பிராட்வே என்ற கிராமத்தில் கலைஞர் நண்பர்கள் சிலர் கூடித் தங்கியிருந்தார்கள். அங்கே அந்தி நேரத்தில் இரண்டு சிறுமிகள் காகித விளக்குகளை ஏற்றும் காட்சியை வரைய ஆரம்பித்தார். 'கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்' என்பது படத்தின் பெயர். வெளிச்சம் அந்த ஊதா நிறத்தில் நிற்பது தினமும் சில நிமிடங்கள்தான். எல்லோரும் டென்னிஸ் விளையாடிக்கொண்டிருப்பார்கள், அந்த நேரம் வந்ததும் சார்ஜென்ட் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, அவசர அவசரமாக வண்ணத்தை வைத்துவிட்டு, வெளிச்சம் போனதும் திரும்பி வருவார். செப்டம்பர் போய் நவம்பர் வந்தது. பூக்கள் வாடிவிட்டன, செடிகளில் செயற்கைப் பூக்களைக் கட்டி வைத்தார்கள். வெள்ளை கவுனுக்கு அடியில் சிறுமிகளுக்குக் கம்பளி உடை. அந்த வருடம் முடியவில்லை, அடுத்த வருடம் மறுபடியும் அதே அந்தி, அதே சில நிமிடங்கள். 1887-இல் அகாடமியில் வைத்ததும் நாட்டுக்காகவே வாங்கிவிட்டார்கள். இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லாத ஒரு படத்துக்காக இரண்டு இலையுதிர்காலங்களைக் கொடுத்தவரைக் காசுக்கு வரைந்தவர் என்று எப்படிச் சொல்வது?

சரி, உருவப்படத் தொழிலுக்கு வருவோம். 1887-88-இல் அமெரிக்கா போய் நியூபோர்ட், பாஸ்டன், நியூயார்க் பணக்காரர்களை வரைந்தார், அங்கேதான் அவருடைய பெயர் பணமாக மாறியது. 1893-இல் லேடி அக்னியூவின் படம் லண்டனிலும் கதவைத் திறந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நேராக நம்மைப் பார்க்கும் அந்தப் பெண்ணை ஆறே அமர்வில் முடித்தார். 1900 வாக்கில் முழு உயரப் படத்துக்கு 1000 கினி வாங்கினார், அதாவது 1050 பவுண்டு. வரிசையில் காத்திருந்தார்கள்.

ஏன் இவ்வளவு கூட்டம்? இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களுக்கு 1870-களுக்குப் பிறகு தானிய விலை விழுந்து வருமானம் சரிந்தது. வீட்டுச் சுவரில் தொங்கிய, ரெனால்ட்ஸ், கெய்ன்ஸ்பரோ போன்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்களின் படங்களைக் கூட விற்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் வங்கி, ரயில், சுரங்கம் என்று புதுப் பணம். அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் பெண்கள் பிரபுக்களைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழையவர்களுக்கு நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது, புதியவர்களுக்கு நாங்கள் வந்துவிட்டோம் என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே ஆளின் தூரிகை தேவைப்பட்டது. வாண்டர்பில்ட் வீட்டுப் பெண் கான்சுவேலோவை மணந்த மார்ல்பரோ பிரபு, தன் மாளிகையில் இருந்த பழைய ரெனால்ட்ஸ் குடும்பப் படத்துக்கு ஜோடியாகத் தொங்கவிட 1905-இல் சார்ஜென்டிடம் குடும்பப் படம் வாங்கினார்.

வேலை செய்யும் விதம் பார்க்க விசித்திரமாக இருக்குமாம். ஆளுக்குப் பக்கத்திலேயே கேன்வாஸை நிறுத்திவிட்டு, பின்னால் நடந்து போய்த் தூரத்திலிருந்து இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு வேகமாக முன்னால் வந்து ஒரே ஒரு கோடு. மறுபடியும் பின்னால். ஒரு நாளைக்கு நான்கு மைல் நடப்பேன் என்று அவரே கணக்கு சொன்னதுண்டு. முகம் சரியாக வரவில்லை என்றால் ஒட்டுப்போட மாட்டார், முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் அலுப்பு வந்தால் பியானோவில் உட்கார்ந்துவிடுவார். உடையைத் தேர்ந்தெடுப்பதும் அவரே. கிரஹாம் ராபர்ட்சன் என்ற ஒல்லியான இளைஞரைக் கோடைக்காலத்தில் நீளமான கறுப்பு ஓவர்கோட் போட்டு நிற்க வைத்தார். வேர்த்துக் கொட்டிய அந்தப் பையன் முறையிட்டபோது, அந்தக் கோட்டுதான் படமே என்றாராம். கோட்டு உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக உள்ளே போட்டிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது அந்தப் பையனுக்கு.

வெர்தைமர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆஷர் வெர்தைமர் லண்டனில் கலைப்பொருள் வியாபாரி, யூதர். தன்னையும் மனைவியையும் பத்துப் பிள்ளைகளையும் வரையச் சொல்லி மொத்தம் பன்னிரண்டு படங்கள் வாங்கினார். சார்ஜென்டுக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நெருக்கம். பிரபுக்களின் படங்களில் இருக்கும் விறைப்பு இந்தப் படங்களில் இல்லை. பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்கிறார்கள். ஆஷர் அவற்றில் பெரும்பாலானவற்றை நாட்டுக்கு எழுதிவைத்தார். 1923-இல் அவை நேஷனல் கேலரியில் தொங்கியபோது, அவற்றைத் தனி அறைக்கு ஒதுக்கச் சொல்லி நாடாளுமன்றத்திலேயே ஒருவர் பேசினார். பெரிய ஓவியர்களோடு ஒரு யூதக் குடும்பம் சுவரில் இருப்பதைச் சிலரால் பொறுக்க முடியவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

புகழின் உச்சியில், 1907-இல், போதும் என்று உருவப்படக் கடையை மூடினார். ஒவ்வொரு உருவப்படத்திலும் ஒரு நண்பனை இழக்கிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தட்ட முடியாதவர்களுக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்குள் கரித்துண்டில் முகம் வரைந்து கொடுத்து அனுப்பினார். மற்றபடி கோடை வந்தால் எமிலியையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ், வெனிஸ் என்று கிளம்பிவிடுவார். வெனிஸில் படகில் உட்கார்ந்தபடியே நீர்வண்ணத்தில் வரைந்தவை என் கண்ணுக்கு இன்னும் ஈரமாக இருக்கின்றன. நாடோடியாக வளர்ந்த பிள்ளை மறுபடியும் நாடோடியாகிவிட்டார் என்று தோன்றும். 1909-இல் ப்ரூக்ளின் அருங்காட்சியகம் ஒரே வீச்சில் 83 நீர்வண்ணப் படங்களை வாங்கியது.

பாஸ்டனில் பொது நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சுவரோவியங்கள் செய்தார். அந்த வேலைக்கு மாதிரியாக நின்றவர் தாமஸ் மெக்கெல்லர், ஓட்டல் லிஃப்ட்டில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர். 1916-லிருந்து பல வருடம் நின்றார். அருங்காட்சியகக் கூரையில் இருக்கும் கிரேக்கக் கடவுள்கள் பலருக்கும் உடம்பு அவருடையது, முகமும் நிறமும் மட்டும் வெள்ளைக்காரருடையவை. இதை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் அவரை அவராகவே வரைந்த ஒரு பெரிய எண்ணெய் வண்ணப் படமும் உண்டு, அதை சார்ஜென்ட் யாருக்கும் விற்காமல் தன் பாஸ்டன் ஸ்டுடியோவிலேயே வைத்திருந்தார்.

1918 புனித வெள்ளியன்று பாரிஸில் ஒரு தேவாலயத்தின் மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்ததில், அவர் பலமுறை வரைந்த மருமகள், இன்னொரு தங்கை வயலெட்டின் மகள் ரோஸ்-மரி இறந்தாள். அவள் கணவன் 1914-லேயே போரில் போயிருந்தான். அதே வருடம் பிரிட்டிஷ் அரசு கேட்டதற்காக அறுபத்தியிரண்டு வயதில் போர்முனைக்குப் போனார். திரும்பி வந்து வரைந்தது 'கேஸ்டு', அதாவது விஷவாயு தாக்கியவர்கள், இருபது அடி அகலம். விஷவாயுவில் கண் போன சிப்பாய்கள், கண்ணில் துணி கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் தோளில் கை வைத்து வரிசையாக நடக்கிறார்கள். ஒருவன் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை ரொம்ப உயரமாகத் தூக்குகிறான். அந்தக் கால் ஒன்று போதும். பின்னால், தூரத்தில், கண் தெரிகிறவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சீமாட்டிகளின் பட்டுத்துணியில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய அதே கண்தான் இதையும் பார்த்தது.

1925 ஏப்ரலில், பாஸ்டன் சுவரோவியங்களின் கடைசிப் பகுதியைப் பொருத்துவதற்காகக் கப்பலேற இருந்தார். வழியனுப்ப எமிலி தன் வீட்டில் விருந்து வைத்தார். விருந்து முடிந்து டைட் தெருவுக்கு வந்து, படுக்கையில் வோல்டேரின் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஏப்ரல் 15 காலையில் பார்த்தபோது அந்தப் பிரெஞ்சுப் புத்தகம் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. கப்பல் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது.